பழைய ஸ்டாக் கார் பிளாஸ்டிக் மாடல்: ஆண்டை முடிவு செய்யாமல் ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) வெட்டாதீர்கள்

பெயிண்ட் சொதப்பினால் உரித்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆண்டு தப்பிவிட்டால் மொத்தக் காரும் தப்பு. நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் ஸ்டாக் கார்கள் (விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்கள்) ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வந்தவை. அதனால் ‘ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் கார்’ என்று ஒரே ஒரு கார் கிடையாது. எந்த ஓட்டுநர், எந்த எண், எந்த ஆண்டு என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். முடிந்தால் எந்தப் பந்தயம் என்பதையும்.

1949 ஜூனில் சார்லட்டில் நடந்த முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் ஓடியவை கிட்டத்தட்ட ஷோரூம் கார்கள். அந்தக் காலத்து ஹட்சன் ஹார்னெட் செய்பவர் குரோம் பம்பரையும் கதவுக் கைப்பிடியையும் அப்படியே விட்டுவிடலாம். ஹெட்லைட் மேல் டேப் ஒட்டினால் போதும். அறுபதுகளின் நடுவில் ஹெட்லைட் குழியைத் தகடு மூடியது, உள்ளே ஒற்றை சீட்டும் ரோல் கேஜும் (ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டும்) வந்தன. ஓட்டுநர் ஜன்னல் வலை, 1970 மே மாதம் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டி உருண்ட விபத்துக்குப் பிறகு வந்தது. ஆக, 1969 காரில் வலை மாட்டினால் பிழை. தொடரின் விளம்பரதாரரான வின்ஸ்டன் சிகரெட்டின் பெயர் 1971-இலிருந்துதான். ரிச்சர்ட் பெட்டியின் நீலத்தோடு விளம்பரதாரர் எஸ்டிபி-யின் சிவப்பு சேர்ந்தது 1972-இல்.

இனி எல்லாவற்றுக்கும் ரிச்சர்ட் பெட்டியின் 1970 பிளைமவுத் சூப்பர்பேர்ட், எண் 43-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்; கூரான மூக்கும் பின் இறக்கையும் கொண்ட கார் அது. அதே நீலத்தில் 40 என்ற எண் ஒட்டினால் அந்த ஆண்டு டேடோனா 500 பந்தயத்தை வென்ற பீட் ஹாமில்டனின் கார்.

அளவு

அமெரிக்க கார் கிட்டுகளில் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டிகளில்) 1/25, 1/24 என்று இரண்டு அளவு உண்டு, அதாவது அசலில் 25-இல் அல்லது 24-இல் ஒரு பங்கு. ஏஎம்டி, எம்பிசி, ஜோ-ஹான் நிறுவனங்களின் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. எண்பதுகளின் மோனோகிராம் நாஸ்கார் கிட்டுகள் 1/24. சூப்பர்பேர்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடைத்தூரம்) 116 அங்குலம்: 1/25-இல் 117.9 மி.மீ., 1/24-இல் 122.8 மி.மீ. ஒரு கிட்டின் சேஸியை இன்னொன்றின் பாடிக்குள் நுழைக்கும்போது இந்த 5 மி.மீ. வித்தியாசம்தான் சக்கரத்தை ஃபெண்டரில் இடிக்க வைக்கும். மற்ற அளவின் எஞ்சினை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது. டயரை மாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

பாடி

சாலையில் ஓடிய சூப்பர்பேர்டின் கூரையில் கறுப்பு வினைல் இருந்தது. பின்கண்ணாடியைச் சுற்றிய வெல்டிங் தையலை மறைக்கத்தான் அது. பந்தயக் காரில் வினைல் கிடையாது, வெறும் பெயிண்ட்தான். உங்கள் கிட்டின் கூரையில் வினைலின் சொரசொரப்பு வார்க்கப்பட்டிருந்தால் தேய்த்து எடுத்தே ஆகவேண்டும். பக்கவாட்டு மழைக்கால்வாய் விளிம்பின் மேல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, 400 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஆரம்பியுங்கள். பிறகு 600, பிறகு 1000. டேப் இல்லாமல் தேய்த்தால் அந்த மெல்லிய விளிம்பு ஐந்தே நிமிடத்தில் காணாமல் போகும். அதைத் திரும்ப உருவாக்குவது ஒரு வார வேலை.

கூரான மூக்கைத் தனியாக பெயிண்ட் அடித்துக் கடைசியில் ஒட்டலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முதலிலேயே ஒட்டி, பட்டி பார்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தேயுங்கள். பட்டி காயும்போது சுருங்கும். அவசரப்பட்டால் பெயிண்ட் அடித்த பிறகு இணைப்பு பள்ளமாகத் தெரியும்.

அடுத்து பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் மீன்கண் போல் வட்ட வட்டமாக விலகும். ரிச்சர்ட் பெட்டியின் நீலம் வெளிர் நிறம் என்பதால் பிரைமர் வெள்ளையாக இருக்கட்டும். சாம்பல் பிரைமர் மேல் அது அழுக்காகத் தெரியும். ஸ்ப்ரே கேனை 20 - 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, இரண்டு தூவல் பூச்சு, கடைசியாக ஒரு ஈரப் பூச்சு. பின் இறக்கையையும் அதே நாளில், அதே கேனில் அடியுங்கள். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

ரோல் கேஜ்

அசல் குழாயின் விட்டம் 1¾ அங்குலம், 1/25-இல் 1.78 மி.மீ. அளவு சரியாகக் கிடைக்காவிட்டால் 2 மி.மீ. ஸ்டைரீன் கம்பியை விட 1.6 நல்லது; தடித்த கேஜ் பொம்மைக் கார் போல் காட்டும். வளைக்கும் இடத்தை ஹேர் டிரையரில் சூடாக்கி ஒரு ட்ரில் பிட்டைச் சுற்றி வளையுங்கள். குளிர்ந்த கம்பியை வளைத்தால் வெள்ளைக்கோடு விழும், பிறகு முறியும். மேல்வளைவுக்கும் கூரைக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். பாடியைப் பக்கவாட்டில் விரித்துத்தான் சேஸி மேல் இறக்க வேண்டியிருக்கும். அகலமான கேஜ் அப்போது கதவின் உள்பக்கத்தைக் கீறும். பெயிண்டுக்கு முன்பே மூன்று நான்கு முறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

எஞ்சினில் பிளக் ஒயர் போடுவது ஒரு மாலை வேலை: 7 மி.மீ. ஒயர் இந்த அளவில் 0.28 ஆகிறது, எனவே 0.3 மி.மீ. ஒயர், 0.4 மி.மீ. துளை. டிஸ்ட்ரிபியூட்டரில் சிலிண்டர்களுக்கு எட்டு, காயிலுக்கு ஒன்று. இந்தக் காரின் ஹெமி வகை எஞ்சினில் ஒயர்கள் வால்வ் கவரின் நடுவில் இறங்கும். பக்கவாட்டில் சொருகினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

நிற்கும் விதம்

பார்ப்பவர் பெயர் சொல்லத் தெரியாமல் ‘ஏதோ சரியில்லையே’ என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இதனால்தான். சாலைக் கிட்டின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். முன் ஆக்ஸில் பொருந்தும் இடத்தில் 1 முதல் 1.5 மி.மீ. உயர்த்தினால் கார் இறங்கும். ஓவல் டிராக்கில் இடப்பக்கம் மட்டுமே திரும்புவதால் முன் சக்கரங்கள் சமச்சீராக நிற்பதில்லை. வலது முன் சக்கரத்தின் தலை உள்நோக்கியும், இடது முன் சக்கரத்தின் தலை வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். இரண்டு மூன்று டிகிரி போதும்.

கண்ணாடித் தகட்டின் மேல் காரை நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுங்கள். நான்கும் பிடித்தால் சரி. ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தால் பசை காய்வதற்குள் திருத்துங்கள்.

டயர் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய கிட்டுகளின் வினைல் டயரிலிருந்து கசியும் இளக்கி (வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்), பிளாஸ்டிக் ரிம்மை மெல்ல மெல்ல உருக்கும். டயர் படும் இடத்தில் அலுமினிய ஃபாயில் சுற்றுங்கள். கிட் பெட்டிக்குள் கண்ணாடி பாகங்கள் மேல் டயர் கிடந்தால் முதல் நாளே பிரித்து வையுங்கள். பளபளக்கும் டயரைத் தரையில் படும் பக்கம் மட்டும் 220 உப்புத்தாளில் தேய்த்தால் ஓடிய டயர் ஆகிவிடும்.

டீக்கால்

மஞ்சளடித்த பழைய டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், லோகோ படலம்) தாளை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி வைத்தால் சில நாளில் வெளுக்கும். தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும் வகையா என்று தேவையில்லாத ஒரு லோகோவை வைத்துச் சோதியுங்கள்; நொறுங்கினால் தாள் முழுக்க டீக்கால் ஃபிலிம் பூசிவிட்டு வெட்டுங்கள். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும், ஆகவே முதலில் பளபளப்பான கிளாஸ் பூச்சு. டீக்காலை மென்மையாக்கும் மைக்ரோ சோல் திரவம் தடவியதும் டீக்கால் சுருங்கிக் கோணலாகும். அப்போது கை வைத்தால் கிழியும். விட்டால் தானே இறுகிப் படியும். கடைசிக் கிளியர் கோட் லாக்கர் என்றால் முதலிரண்டு பூச்சும் வெறும் தூவலாக இருக்கட்டும், ஈரமாக அடித்தால் டீக்கால் வெடிக்கும்.

இறக்கையைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும், முன்பே மாட்டினால் பாடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் விரல் அதில்தான் போய் முட்டும். ஒவ்வொரு தூணின் அடியிலும் 3 மி.மீ. ஆழத்தில் 0.5 மி.மீ. துளை போட்டு பித்தளைக் கம்பி சொருகுங்கள், பாடியிலும் நேரெதிரே துளை. கட்டமிட்ட தாளைப் பின்னால் நிறுத்திப் பார்த்து இரண்டு தூணும் நேராக நிற்கும்போது, குண்டூசி முனையில் எடுத்த ஒரு துளி சூப்பர் க்ளூ.