பிள்ளையைப் போதைத் தாளோடு பிடித்துவிட்டார்கள்: முதல் இரவில் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துத் தாய் ஒருவர், கந்தோர் திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. மகனுக்கு 22 வயது. கைத்தொலைபேசி உறைக்குள் சின்னி விரல் நகமளவில் இரண்டு தாள்கள் இருந்ததாம். பொலிஸார் 'ஸ்டாம்ப்' என்று சொல்ல, அவர் தபால் முத்திரை என்றே விளங்கிக்கொண்டார். "முத்திரை வைத்திருந்ததற்கு மறியலா, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் 19 ஆண்டுகளாக எழுதுவினைஞராக இருக்கிறேன். கஞ்சா, ஹெரோயின், ஐஸ் (மெதம்பெட்டமைன்) வழக்குகள்தான் எங்கள் கந்தோருக்கு அதிகம் வரும். எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றம் தரும் போதைப்பொருள் ஊறிய தாள் (பொலிஸார் 'ஸ்டாம்ப்' என்றது இதைத்தான்), போதைக் காளான் கலந்த சொக்லேட் போன்றவை அரிது. அரிது என்பதாலேயே பெற்றோருக்கு எதுவும் தெரியாமல் போகிறது. முதல் இரவிலேயே வழக்கைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தாயும் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். மகனின் கொப்பிக்குள் இன்னும் இரண்டு தாள்களைக் கண்டதும் அடுப்பில் போட்டு எரித்திருக்கிறார். தாய் மனம், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சான்றை அழிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். ஒரு வழக்கு இரண்டு வழக்காகி, தாயும் சந்தேகநபராக நிற்க நேரிடும். ஆகவே பிள்ளையின் அறையில் எதையும் தொடாதீர்கள். கண்டதைச் சட்டத்தரணியிடம் மட்டும் சொல்லுங்கள். தொலைபேசியில் உள்ள செய்திகளை அழிக்கும்படி நண்பர்களிடம் சொல்லவும் வேண்டாம்.

அடுத்து, பிள்ளை எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடியுங்கள். பிடித்த பிரிவு ஒன்றாகவும் வைத்திருக்கும் நிலையம் வேறாகவும் இருக்கலாம். கைதுசெய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உரிமை. பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். போதைப்பொருள் விசாரணையில் நீதவானின் கட்டளையோடு ஏழு நாள் வரை தடுத்து வைக்க முடியும். பெண்பிள்ளையாக இருந்தால் பெண்தான் சோதனையிட வேண்டும். நிலையத்துக்குச் சட்டத்தரணி வரலாம். இரவென்றாலும் தயங்காமல் அழையுங்கள். அடித்தார்கள் என்று தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள். பிள்ளையை நீதவானிடம் கொண்டுபோகும்போது, காயத்தை அங்கேயே வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

வாக்குமூலத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். "கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்று யாரோ சொல்ல, வாசிக்கத் தெரியாத தாளில் பிள்ளை கையெழுத்திட்டுவிடும். போட வேண்டாம். தமிழில் எழுதித் தரும்படி, குறைந்தது தமிழில் வாசித்து விளக்கும்படி கேட்க வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. வடக்கில் நீதிமன்றத்தின் மொழியும் அதுவே. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிரான சான்றாக வைக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. பெயர், முகவரி சரியாகச் சொல்லட்டும். மிச்சம் சட்டத்தரணி வந்த பிறகு.

பிடிபட்ட பொருளை எங்கே நிறுத்தார்கள், யார் முன்னிலையில் உறையிட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள், உறையில் பிள்ளையின் பெருவிரல் அடையாளம் எடுத்தார்களா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவையுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். வழக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து விளக்கத்துக்கு வரும்போது இந்தத் தாள் பொன். பொருள் அரச பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போய், அது என்ன, தூய அளவு எவ்வளவு என்ற அறிக்கை வரும். பிள்ளைக்குத் தெரிந்தே, பிள்ளையின் கைவசமே அது இருந்தது என்பதை வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும். நான்கு பேர் போன வாகனத்தில் கிடைத்த பொருளுக்கும் சொந்தக் காற்சட்டைப் பையில் கிடைத்த பொருளுக்கும் இங்கேதான் வித்தியாசம்.

இனி எது பாரதூரம், எது குறைவு என்பது. எல்.எஸ்.டி., காளானில் உள்ள சிலோசைபின், அதே வகையைச் சேர்ந்த டி.எம்.டி. ஆகியவை 1971ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயத்தில் மிகக் கடுமையான முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான சர்வதேச சமவாயங்களை இலங்கை 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டுச் சட்டமாக்கியது. பழைய தாய்ச்சட்டம், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். அதன் கீழ் ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ, 2022 திருத்தத்துக்குப் பின் ஐஸ் 5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. 1976க்குப் பின் இங்கு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயுள் சிறை உண்மையானது. "தாள்தானே, பவுடர் இல்லையே" என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. தாளாக விற்கப்பட்ட ஒன்றுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை பிள்ளைக்கே தெரியாது.

அதனால்தான் நீதிமன்றத்தில் முதல் வேலையாகப் பி அறிக்கையின் (பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறேன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்கும். மேலே சொன்ன 1929 கட்டளைச் சட்டத்தின் 54அ, 54ஆ பிரிவுகளில் போட்டிருந்தால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. விதிவிலக்கான காரணம் காட்டி மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றத்தில் தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். இதற்கிடையே பதினான்கு நாளுக்கு ஒருமுறை விளக்கமறியல் நீடிக்கும். "கேஸை முடித்துத் தருகிறேன்" என்று நீதிமன்ற வளவில் அணுகுபவரிடம் காசு கொடுக்காதீர்கள். தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த குடும்பத்தை நான் கண்டிருக்கிறேன். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளைக்குப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வம் என்பதால் பெட்டிக்குள் மிட்டாயாகக் கொண்டுவருவோர் இருக்கிறார்கள். இங்கே இறங்கியதும் இங்குள்ள சட்டமே பேசும். சென்னையில் படிக்கும் பிள்ளைகள் நிலை இன்னும் கடுமை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் எல்.எஸ்.டி. 0.1 கிராம் 'வணிக அளவு'. அதற்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு. கலந்த பொருளின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. தாளின் எடையும் சேர்ந்தால் சில தாள்களே அந்த அளவைத் தொட்டுவிடும். குற்றத்தீர்ப்பு வந்துவிட்டால் பொலிஸ் அறிக்கை கேட்கும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அது எழுந்து நிற்கும்.

பிள்ளை வீட்டில் இருக்கும்போதே நடுங்கி, சுவரைப் பார்த்துப் பேசினால் சட்டத்தை யோசிக்க வேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்று வைத்தியரிடம் மறைக்காதீர்கள். போதையை விடுவதற்கு உதவி தேவையென்றால் 1927, மனநல உதவிக்கு 1926.

அந்தத் தாய் வந்த அன்று, எரித்ததைச் சட்டத்தரணியிடம் தனியாகச் சொல்ல வைத்தோம். பிறகு பிணையாளர்களைத் தேடச் சொன்னேன். சொந்தக்காரர் இருவர், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிட உறுதிப்படுத்தல் கடிதம், வருமானத்துக்கான சான்று. கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த முதல் கடிதத்தில் பிணையாளரான தமையனின் தகப்பன் பெயர் பிழையாக இருந்தது. திருத்தி எடுக்க மறுநாளாகிவிட்டது.