மைக்ரேன்: மாத்திரையை அல்ல, நாட்களை எண்ணுங்கள்

தூக்கம் கெடக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனப்பாடம். தெரியாமல் செய்யும் தவறுகள் வேறு.

பாதித் தலை வலித்தால்தான் மைக்ரேன் என்று நினைப்பது

இரு பக்கமும் வலிக்கலாம். விண்விண்ணென்று தெறிக்கும், படி ஏறினாலே கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். மூக்கடைப்பும் கண்ணீரும் சேர்ந்து வருவதால் 'சைனஸ்' என்று ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறவர்கள் ஏராளம்.

கணக்கில்லாமல் வலி மாத்திரை போடுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை மாதத்தில் 15 நாளைத் தொட்டாலே அதிகம். டிரிப்டான் (மைக்ரேனுக்கென்றே உள்ள மருந்து), காஃபின் கலந்த கூட்டு மாத்திரை, கோடீன் (அபின் வகை வலி மருந்து) என்றால் 10 நாளே அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டிரிப்டான் 6 நாள், கூட்டு மாத்திரை வேறு 5 நாள் போட்டவர் "எதுவுமே 10 நாள் ஆகலையே" என்பார். ஆனால் மொத்தம் 11. ஒரே நாளில் மூன்று போட்டாலும் ஒரு நாள்தான்; தினம் பாதி போட்டால் 30 நாள். இது பலருக்கு உறைப்பதே இல்லை.

விடியும்போதே மந்தமாக வலிக்கும், மாத்திரை போட்டால் சில மணி நேரம் அடங்கும், மறுபடி வலிக்கும். தடுப்பு மருந்தும் சரியாகப் பிடிக்காது. உடனே டோஸைக் கூட்டுவார்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. வலி மாத்திரையை நிறுத்தினால் பொதுவாக 2 முதல் 10 நாள் வலி கூடும்; "மருந்து இல்லாமல் முடியாது" என்று பாதியில் திரும்புவது அந்த நாட்களில்தான். கோடீன் வகையை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே நிறுத்த வேண்டும். எந்த வலி மாத்திரையும் வாரத்துக்கு 2 நாளைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

வலி முற்றும்வரை காத்திருப்பது

மைக்ரேன் வந்தால் இரைப்பை மந்தமாகிவிடும். மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். மாத்திரை போடுவது குறைந்த நாட்கள்தான் இருக்க வேண்டும், ஆனால் போடும் நாளில் வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும்.

சாக்லேட் மேல் பழி போடுவது

கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு ஆசை எல்லாம் வலிக்குச் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ முன்பே வரலாம். சாக்லேட் தின்றதால் வலி வந்தது என்பார்கள்; மைக்ரேன் தொடங்கிவிட்டதால்கூட அந்த ஆசை வந்திருக்கலாம்.

ஆராவைச் சொல்லாமல் கருத்தடை மாத்திரை வாங்குவது

ஆரா என்பது பெரும்பாலும் வலிக்குச் சற்று முன் கண்ணில் மின்னும் கோடுகள் தெரிவது, மரத்துப்போவது போன்ற அறிகுறி. அது உள்ளவர்கள் போடும் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருந்தால் பக்கவாத அபாயம் கூடும்.

எல்லா வலியையும் மைக்ரேன் கணக்கில் எழுதுவது

நொடிகளில் உச்சம் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, புதிதாகக் கை கால் தளர்ச்சி: உடனே அவசரப் பிரிவு. 50 வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.