ரிட்டர்ன் உண்டா இல்லையா, முதலிலேயே சொல்லிவிடுங்கள்

ஆன்லைனில் விற்பவர்கள் ரிட்டர்ன் தரத் தயங்குவது நியாயம்தான். ஆனால் தொட்டுப் பார்க்காமல் பணம் கட்டுபவருக்கு ‘ரிட்டர்ன் உண்டு’ என்ற அந்த ஒரு வரிதான் தைரியம். ஆடை, செருப்பு என்றால் கட்டாயம் கொடுங்கள். அளவு அட்டவணையைச் சென்டிமீட்டரில் போட்டாலே திரும்பி வருவது குறையும். உள்ளாடை, பெயர் பொறித்த பொருள் போன்றவற்றுக்கு மறுக்கலாம், தப்பில்லை. உடைந்தோ மாறியோ போனால் மட்டும் சாக்கு சொல்லக் கூடாது.

சண்டை பெரும்பாலும் கூரியர் செலவில்தான் வரும். அது யார் தலையில், எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாள் கணக்கு டெலிவரி தேதியிலிருந்து தொடங்கட்டும். (ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான பொருட்களுக்குச் சட்டமே 14 நாள் தருகிறது.) பார்சலை ஒட்டும் முன் உள்ளே இருப்பதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.