ஊசியைக் கீழே வையுங்கள்: யுஎஸ்பி போர்ட் பழுதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரி வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டிய வீடுகளில் லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட் சீக்கிரமே களிம்பேறும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து போர்ட்டுக்குள் இருக்கும் உலோகப் பின்களைப் பச்சையாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். பென்டிரைவை ஆட்டி ஆட்டிப் பிடித்தால்தான் எடுக்கிறதா? முதல் சந்தேகம் இந்தக் களிம்பின் மேல்தான்.

உடனே ஊசியோ ஊக்கோ விட்டுச் சுரண்டாதீர்கள். பின்களின் மேல் இருக்கும் மெல்லிய தங்கப்பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாக அரிக்கும். லேப்டாப் ஆனில் இருந்தால் 5 வோல்ட் பின் வெளித்தகட்டோடு ஷார்ட் ஆகலாம். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அதன் எண்ணெய்ப்பசை தூசியைப் பிடித்து வைக்கும். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலே சரி. ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, நைலான் பிரஷில் இரண்டு சொட்டு தொட்டுத் துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள்.

எல்லா போர்ட்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் விண்டோஸை மீண்டும் ஏற்றுவதற்கு முன், பயாஸ் திரையில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு விண்டோஸில். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் டிரைவர் தானாக வந்துவிடும்.

ஒரே ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஆனால் அதன் முனையை போர்ட்டுக்குள் விடாதீர்கள், பக்கத்துப் பின்னில் பட்டுவிடும். பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி, சிவப்பு, கருப்பு ஒயர்களை ஒன்றோடொன்று படாமல் பிரித்து, போர்ட்டில் செருகி அளந்தால் பத்திரம். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வரவேண்டும். வோல்ட்டே இல்லையென்றால் மதர்போர்டில் உள்ள ஃபியூஸையோ, போர்ட்டுக்கு மின்சாரம் விடும் பவர் ஸ்விட்ச் ஐசியையோ பார்க்க வேண்டும். அவை போயிருந்தால் போர்ட்டின் சாக்கெட்டை மாற்றிப் பயனில்லை. வோல்ட் சரியாக இருந்தும் எதையும் எடுக்கவில்லை என்றால் டேட்டா பின்களில் கோளாறு இருக்கலாம்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்குமுன் அடிமூடியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் தனிச் சிறு போர்டில், ரிப்பன் கேபிளோடு இருக்கும். அந்தப் போர்டையே மாற்றிவிடலாம், சால்டரிங் வேண்டாம். மதர்போர்டிலேயே இருந்தால் வீட்டு 25 வாட் அயர்னால் பிடுங்காதீர்கள். சாக்கெட்டின் கால்கள் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை அது உறிஞ்சிவிடும். ஈயம் உருகாமல் இழுத்தால் கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டான பேடும் கூடவே பிய்ந்து வரும். ஈயம் சரியாக ஓட உதவும் ஃப்ளக்ஸும், சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியும் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். புது சாக்கெட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், 4 பின்னா 9 பின்னா, உயரம் ஒன்றா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.