ஏர் பிஸ்டல்: உடம்புக்கு வசதி, குறிக்குச் சரி

முதல் சில மாதம் என் பெல்லட்கள் (சிறு ஈயக் குண்டுகள்) எல்லாம் குறி அட்டையின் இடப்பக்கமே விழுந்தன. துப்பாக்கியின் மேல் குறி பார்க்க முன்னும் பின்னும் இருப்பவை சைட்கள்; அவற்றில் பின் சைட்டின் திருகைத் திருப்பினேன். அன்றைக்குச் சரியானது, மறுநாள் வலப்பக்கம் போனது. கடைசியில் பார்த்தால், வசதியாக இருக்கிறதே என்று நான் பழகிக்கொண்ட நிலைதான் கோளாறு. 10 மீட்டர் தூரக் குறியைச் சுடும் ஏர் பிஸ்டல் (காற்றுக் கைத்துப்பாக்கி) விளையாட்டைத் தொடங்குபவர்களுக்காக, அதைத் திருத்திய விதத்தை எழுதுகிறேன்.

பிடி. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிப்பது சுகமாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. என்றால், முன் சைட் 1 மி.மீ. விலகினாலே பெல்லட் 3 செ.மீ. தள்ளிப் போகும். கை மொத்தமாக 1 மி.மீ. ஆடினால் அதே 1 மி.மீ. தான் நட்டம். எனவே கை ஆடட்டும், மணிக்கட்டு மட்டும் மடங்கக் கூடாது.

கால். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கண்ணை மூடி, கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்க்கும் திசை. அது அட்டைக்கு இடப்பக்கம் இருந்தால் எல்லோரும் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துக்கொள்கிறோம். அந்த நொடியில் ஒன்றும் தெரியாது. டிரிக்கரை அழுத்தும்போது, இழுத்துப் பிடித்த தோள் கையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும்.

கையைத் தொடாதீர்கள், முன்கால் (அட்டைக்கு அருகில் இருப்பது) அப்படியே இருக்க, பின்காலை நகர்த்துங்கள். எந்தப் பக்கம்? துப்பாக்கி இடப்பக்கம் நின்றால் பின்காலும் இடப்பக்கமே போக வேண்டும். நான் வெகுநாள் எதிர்ப்பக்கம் நகர்த்திப் பிழையை இரட்டிப்பாக்கினேன். ஒரு முறைக்கு இரண்டு செ.மீ. போதும். அப்புறம் மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். சரியான இடம் வந்ததும் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

டிரிக்கர். விதிப்படி அதை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் தேவைப்பட வேண்டும். விரலின் முதல் கணுவின் சதைப்பகுதியால் நேராகப் பின்னோக்கி, மெதுவாக அழுத்துங்கள். குறி அழகாக நிற்கும் நொடியைப் பிடிக்கப் பார்த்தால் வெடுக்கென்று இழுத்துவிடுவீர்கள்.

சரி, பயிற்சி. பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெற்றுச் சுவரை நோக்கி டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிக்கரை மட்டும் அழுத்துவது) செய்யுங்கள். அட்டை இருந்தால் கண் அங்கே ஓடும். வெறும் சுவர் முன்னால் முன் சைட்டின் விளிம்பு ஆடுவது அப்பட்டமாகத் தெரியும். ஒரு கண்ணைச் சுருக்கி மூடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முகம் முழுக்க இறுகிவிடும். குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் மங்கலான மறைப்பு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பக்கவாட்டில் சரியாகிவிட்டது, ஆனால் கண்ணைத் திறந்தால் துப்பாக்கி மேலே நிற்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பின்காலை நகர்த்தி அதைத் திருத்த முடியாது. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் கிரிப்பின் (கைப்பிடியின்) சாய்வுதான் காரணம். அதை மாற்றும் திருகு உங்கள் துப்பாக்கியில் இருந்தால் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். இரண்டு சைட்டும் சமமாக இருந்தும் மொத்தமும் மேலே நின்றால், தோளை உயர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். தோளை இறக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடுங்கள்.