மும்பை லோக்கல் ரயிலில் முதல் தடவை ஏறுபவர்களுக்கு: இண்டிகேட்டரைப் படிப்பது எப்படி?

மும்பைக்குச் சுற்றிப் பார்க்க வரும் நம்மூர்க்காரர்கள் பலர் லோக்கல் ரயில் கூட்டத்தைப் பார்த்ததுமே டாக்ஸிக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது, சாலை நெரிசலில் மாட்டாமல் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சரியான ரயிலில் ஏற மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டர் என்ற தகவல் பலகையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் லைன்கள். மேற்குப் பக்கம் வெஸ்டர்ன் லைன், சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி, போரிவலி, விரார் வழியாகத் தகாணு ரோடு வரை. சென்ட்ரல் லைன் சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், பழைய விக்டோரியா டெர்மினஸ்) தாதர், குர்லா, தாணே, கல்யாண் என்று போய், அங்கே கசாரா பக்கமும் கர்ஜத் பக்கமும் பிரிகிறது. ஹார்பர் லைன் சிஎஸ்எம்டியிலிருந்து வடாலா வந்து, ஒரு கிளை வாஷி, பன்வேலுக்கும் இன்னொன்று பாந்த்ரா, அந்தேரி வழியாகக் கோரேகாவுக்கும் போகும். நகரம் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், நீங்கள் போக வேண்டிய இடம் தெற்கா வடக்கா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. லைன் மாறத் தாதர், குர்லா, பாந்த்ரா, அந்தேரி. இதில் தாதரை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரில் அங்கே பிளாட்பார எண்களை மாற்றினார்கள். இப்போது 1 முதல் 7 வரை வெஸ்டர்ன், 8 முதல் 14 வரை சென்ட்ரல். பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் குழப்பம்தான்.

டிக்கெட்டுக்கு மூன்று வழி இருக்கிறது: கவுன்ட்டர், தானியங்கி இயந்திரம், செல்போன். ஓரிரு நாள் மட்டும் வருபவர்களுக்குக் கவுன்ட்டரே போதும் என்பேன். கடைசியாக இறங்கும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லுங்கள், இடையில் தாதரில் லைன் மாறினாலும் அதே டிக்கெட் செல்லும். ஒரு நாளில் பல இடம் சுற்றுவதாக இருந்தால் டூரிஸ்ட் டிக்கெட் என்று கேளுங்கள். 1, 3, 5 நாள் என்று மூன்று வகை உண்டு, எல்லா லைனிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை, ஆனால் கேட்பவர்கள் குறைவு.

ரயில்ஒன் போன்ற ரயில்வே செயலியில் எடுப்பதானால் ஒரு விஷயம். காகிதமில்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் கால் வைக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றால் செயலி இடத்தைக் கண்டுபிடித்து டிக்கெட் தராது. எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். பரிசோதகர் கேட்டால் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. இங்கே மெட்ரோ போலத் தானியங்கிக் கதவு எதுவும் கிடையாது என்பதால் டிக்கெட் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அபராதம் குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டணமும் சேரும்.

அப்புறம், இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம்: பிளாட்பாரத்தில் தலைக்கு மேல் தொங்கும் இண்டிகேட்டர். புதிதாக வருபவர்கள் அதில் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். நான்கு தகவல் இருக்கும், நான்கையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, ரயில் கடைசியாகப் போய் நிற்கும் இடம். பெரும்பாலும் சுருக்கெழுத்தில் இருக்கும்: வெஸ்டர்னில் சி என்றால் சர்ச்கேட், ஏ என்றால் அந்தேரி, பிஓ என்றால் போரிவலி. அடுத்து கிளம்பும் நேரம். பிறகு 12 அல்லது 15 என்ற எண்; அது பெட்டிகளின் எண்ணிக்கை. 15 பெட்டி ரயிலுக்கும் 12 பெட்டி ரயிலுக்கும் பெட்டிகள் நிற்கும் இடம் மாறும் என்பதால், மேலே தொங்கும் பெட்டிப் பலகைகளைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். நான்காவதுதான் முக்கியம்: எஸ் அல்லது எஃப். எஸ் என்றால் ஸ்லோ, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். எஃப் என்றால் ஃபாஸ்ட். வெஸ்டர்ன் ஃபாஸ்ட் பொதுவாக மும்பை சென்ட்ரல், தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி என்று தாவித்தாவிப் போகும்.

நம்மவர்களுக்கு ஓர் உதாரணம். தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரல் ஃபாஸ்டில் ஏறினால் தாதரை விட்டால் நேராகக் குர்லாதான். மாட்டுங்காவும் சயானும் ஜன்னல் வழியே ஓடிப் போய்விடும். ஸ்லோவில்தான் ஏற வேண்டும். இன்னொன்று, மாட்டுங்கா என்பது சென்ட்ரல் லைன், மாட்டுங்கா ரோடு என்பது வெஸ்டர்ன் லைன். இரண்டும் தனித்தனி ஸ்டேஷன்.

இதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கை: பாந்த்ராவிலோ அந்தேரியிலோ இறங்க வேண்டியவர்கள் மாலை நேரத்து விரார் ஃபாஸ்டில் ஏறாதீர்கள். ரயில் அங்கே நின்றாலும், விரார் வரை போகிற கூட்டத்தைத் தாண்டி வாசலுக்கு வர முடியாது. போரிவலி அல்லது அந்தேரி ரயிலுக்குக் காத்திருப்பது நல்லது.

இறங்குவதற்கும் முறை இருக்கிறது. ரயில் அரை நிமிடம்கூட நிற்காது. உங்கள் ஸ்டேஷனுக்கு ஒன்றிரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசல் பக்கம் நகருங்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை?" என்று கேளுங்கள். அவர் இறங்குபவர் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள், இல்லையென்றால் வழிவிடுவார். பை முதுகில் இருக்கக் கூடாது, நெஞ்சுப் பக்கம். ஓடும் ரயிலில் ஏறும் பழக்கம் அங்குள்ளவர்களுக்கு உண்டு, நீங்கள் அதைச் செய்யவே வேண்டாம். அடுத்த ரயில் சில நிமிடத்தில் வந்துவிடும்.

செயலிகளில் என் தேர்வு எம்-இண்டிகேட்டர். நேர அட்டவணை, பிளாட்பார எண் எல்லாம் அதில் கிடைக்கும். ரயில் இப்போது எங்கே வருகிறது என்று பார்க்க யாத்ரி செயலி. இரண்டையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: காலையில் கூட்டம் தெற்கு நோக்கி, மாலையில் வடக்கு நோக்கி. 11 மணியிலிருந்து 4 மணி வரை நிம்மதி. நகரின் தெற்கே உள்ள கோட்டைப் (ஃபோர்ட்) பகுதியில் தங்குபவர்களுக்கு நல்ல வசதி, நீங்கள் எப்போதும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள்.

பிற்சேர்க்கை: நண்பர்கள் சிலர் கேட்ட பிறகு இவற்றைச் சேர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகச் சில பாதைகளை மூடும் மெகா பிளாக் இருக்கும். அப்போது ஸ்லோ ரயில்களை ஃபாஸ்ட் பாதையில் விடுவார்கள், சில சிறு ஸ்டேஷன்களில் நிற்காது. முந்தின நாளே அறிவிப்பைப் பாருங்கள்.

முதல் வகுப்புப் பெட்டி பார்க்க இரண்டாம் வகுப்பு மாதிரியே இருக்கும். வெளிச்சுவரில் சாய்வுப் பட்டைகள் இருந்தால் சாதாரண டிக்கெட்டோடு ஏறாதீர்கள். பெண்ணின் படம் இருந்தால் பெண்கள் பெட்டி. குடும்பமாகப் போகும் ஆண்களும் அதில் ஏறக் கூடாது. ஏசி லோக்கலுக்கு டிக்கெட்டே தனி.

சென்னையிலிருந்து எல்டிடி (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) ரயிலில் வருபவர்களுக்கு: அங்கே லோக்கல் ரயில் நிற்காது. ஹார்பர் லைனுக்கு அருகிலேயே திலக்நகர் ஸ்டேஷன், சென்ட்ரலுக்குக் குர்லா. கனமான பெட்டிகளோடு காலை நெரிசலில் வந்து இறங்கினால், லோக்கலை விட்டுவிட்டு டாக்ஸியிலேயே தங்குமிடம் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வெறுங்கையோடு வந்து ரயிலேறலாம்.