மலிவு விலை எஸ்எஸ்டி: பெட்டியில் போட்ட வேகத்தைப் பார்த்து ஏமாறாமல் வாங்க

வீட்டுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் அலசுவார்கள். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்று வந்ததும், பெட்டிமேல் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதை எடுத்துவிடுவார்கள். வினாடிக்கு 5000 எம்பி, 7000 எம்பி என்று அச்சடித்திருப்பது பொய்யில்லை. ஆனால் அது காலி டிரைவில் ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது கிடைக்கும் உச்சம். விண்டோஸ் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் டேலி ஓடுவதும் அப்படிப்பட்ட வேலைகள் அல்ல. அங்கே டிரைவ் 4 கேபி அளவுத் துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. அந்த வேலையில், பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் நல்ல என்விஎம்இ டிரைவே வினாடிக்கு 50 முதல் 80 எம்பி வரைதான் தரும். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 30, 40 தரும். பழைய ஹார்ட் டிஸ்க் 1 எம்பி-யை எட்டுவதே அபூர்வம்.

ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 3500 எம்பி எஸ்எஸ்டியிலிருந்து 7000 எம்பி-க்கு மாறினால் ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் பார்க்க வேண்டியவை வேறு: போர்டு எதை ஏற்கும், உள்ளே இருப்பது எந்த வகை ஃபிளாஷ் (தகவலைச் சேமிக்கும் சிப்), கெட்டுப்போனால் மாற்றித் தருவது யார்.

முதலில் மதர்போர்டு

போர்டின் மாடல் பெயரைத் தேடி, தயாரிப்பாளரின் தளத்தில் மேனுவலை இறக்கி, எம்.2 என்ற பகுதியை மட்டும் படியுங்கள். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான தவறுகள் இங்கேயே நின்றுவிடும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. அதே வடிவில் சாட்டா டிரைவும் உண்டு, என்விஎம்இ டிரைவும் உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் எம்.2 சாட்டா டிரைவைச் செருகினால் அழகாகப் பொருந்தும், ஆனால் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) தெரியாது. தங்கநிற முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. சில பழைய என்விஎம்இ டிரைவ்களிலும் இரண்டு வெட்டு இருக்கும் என்பதால், லேபிளில் என்விஎம்இ அல்லது பிசிஐஇ என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நீளத்துக்கு 2280 என்று கேளுங்கள்: 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். மேசைக் கணினி போர்டுகளில் இதுதான் பொது அளவு.

அடுத்தது, ஸ்லாட் எத்தனையாவது தலைமுறை பிசிஐஇ என்பது; 3.0, 4.0 என்று குறிப்பார்கள். ஐ3-12100எஃப் போட்டு ஹெச்610 போர்டு வாங்கினால், பிராசஸர் 4.0 கொடுக்கக்கூடியதாக இருந்தும் எம்.2 ஸ்லாட்டுக்கு 3.0 தான் வரும். போர்டிலுள்ள சிப்செட் என்ற கட்டுப்பாட்டுச் சிப்பின் வரம்பு அது. ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 5500 இரண்டும் 3.0 பிராசஸர்கள், பி550 போர்டில் போட்டாலும் மாற்றமில்லை. ஏ520, பி450 போர்டுகளும் 3.0 தான். இந்தச் செட்டப்களில் 7000 எம்பி டிரைவை மாட்டினால் 3500-ஐ ஒட்டித்தான் ஓடும். கெடாது, ஆனால் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். விலை ஒன்றாகவே இருந்தால் மட்டும் 4.0 டிரைவை எடுங்கள், அடுத்த போர்டுக்கு உதவும். ஐந்தாம் தலைமுறை டிரைவ்கள் இந்த பட்ஜெட்டில் பேச்சுக்கே இடமில்லாதவை.

பழைய பிராசஸரோடு போர்டு வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல பி560, ஹெச்510 போர்டுகளில் பிராசஸரோடு நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட், 11-ஆம் தலைமுறை இன்டெல் இருந்தால்தான் வேலை செய்யும். 10-ஆம் தலைமுறை போட்டால் அந்த ஸ்லாட் வெறும் ஓட்டைதான். சில போர்டுகளில் எம்.2 நிரம்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள்.

ஹெச்61, ஹெச்81 போர்டுகளை இன்னும் ஓட்டுபவர்களுக்கு 2.5 அங்குல சாட்டா டிரைவ்தான் வழி. பிசிஐஇ அடாப்டரில் என்விஎம்இ மாட்டினாலும் பயாஸ் அதிலிருந்து பூட் செய்யாது. ஹெச்61-இல் சாட்டா போர்ட்கள் எல்லாம் பழைய வேகம், 270 எம்பி வாக்கில் நின்றுவிடும். ஹெச்81-இல் நான்கில் இரண்டு போர்ட்கள் முழு வேகம். எவை என்பது மேனுவலில் இருக்கும், அவற்றில் ஒன்றில் மாட்டுங்கள்.

டிஎல்சியா, க்யூஎல்சியா

மலிவு டிரைவ்களில் உண்மையான வேறுபாடு இதுதான். ஃபிளாஷ் சிப்பின் ஒரு செல்லில் 3 பிட் எழுதுவது டிஎல்சி, 4 பிட் எழுதுவது க்யூஎல்சி. அதிகம் திணிக்கத் திணிக்க விலை குறையும்; எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்தே குறையும்.

இதை மறைக்க எல்லா டிரைவும் ஒரு தந்திரம் செய்கிறது. காலியாக இருக்கும் செல்களில் முதலில் 1 பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது இறுக்கி அடுக்குகிறது. வந்த மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம் உள்ளே எடுத்து வைப்பது மாதிரி. வாசல் நிரம்பியதும் நேரடியாக உள்ளே எழுத வேண்டும். அப்போதுதான் டிரைவின் சுயரூபம் தெரியும். க்யூஎல்சி டிரைவ் அந்த நிலையில் வினாடிக்கு 100 எம்பி-யை ஒட்டி வந்துவிடும், சில அதற்கும் கீழே. பழைய ஹார்ட் டிஸ்க்கே பரவாயில்லை என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். க்யூஎல்சி டிரைவில் இந்த வாசலின் அளவு, காலியிடத்தில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு. 1 டிபி டிரைவ் காலியாக இருக்கும்போது சுமார் 250 ஜிபி வரை வேகமாக எழுதலாம். 900 ஜிபி நிரம்பியபின் மிச்சம் 100. வாசல் 25 ஜிபி-க்கு மேல் போகாது. அப்போது 80 ஜிபி கேம் ஒன்றை இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து காப்பி செய்தால், முதல் கால்வாசி சீறிக்கொண்டு போகும், பிறகு காப்பி விண்டோவின் பச்சைக் கோடு பள்ளத்தில் விழுந்து அங்கேயே படுத்திருக்கும். பலர் இதைப் பார்த்து டிரைவ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். டிரைவில் கோளாறு இல்லை. அதன் இயல்பு அவ்வளவுதான்.

விண்டோஸ், ஆபீஸ் வேலை, படிப்பு, கேம் என்றால் க்யூஎல்சி போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், வாரம் தோறும் கல்யாண ஃபுட்டேஜ் நூற்றுக்கணக்கான ஜிபி கொட்டுபவர்கள் கட்டாயம் டிஎல்சி எடுக்க வேண்டும். விலை வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் என்றால் யாராக இருந்தாலும் டிஎல்சிதான்.

ஆயுள் பற்றிய பயம் மட்டும் தேவையில்லாதது. க்ரூஷியல் பி3 ஒரு க்யூஎல்சி டிரைவ். அதன் 1 டிபி மாடலுக்கு எழுதும் வரம்பு 220 டிபி, வாரன்டி 5 ஆண்டு. நாளொன்றுக்கு 120 ஜிபி வீதம் ஐந்தாண்டு எழுதினால்தான் அந்த வரம்பு வரும். டிஎல்சி போட்ட டபிள்யூடி புளூ எஸ்என்580-க்கு அதே கொள்ளளவில் 600 டிபி. சிசிடிவி பதிவை இரவு பகலாக எழுத வேண்டுமா, அதற்கு எஸ்எஸ்டி வேண்டாம். ஹார்ட் டிஸ்க்தான் சரி.

டி-ரேம் இல்லாத டிரைவ்

எந்த ஃபைல் எந்தச் சிப்பின் எந்த மூலையில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள, விலை கூடிய டிரைவ்களில் டி-ரேம் என்ற வேகமான தற்காலிக நினைவகச் சிப் தனியாக இருக்கும். 1 டிபி-க்கு ஏறத்தாழ 1 ஜிபி. மலிவு டிரைவ்களில் அது கிடையாது. என்விஎம்இ என்றால் இது பெரிய குறையல்ல. கணினியின் ரேமில் ஒரு சிறு பகுதியை, வழக்கமாக 64 எம்பி வரை, கடன் வாங்கிக்கொள்ளும் ஹெச்எம்பி வசதி அதில் உண்டு. சாட்டா டிரைவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் கிங்ஸ்டன் ஏ400, க்ரூஷியல் பிஎக்ஸ்500 போன்ற டி-ரேம் இல்லாத சாட்டா டிரைவ்கள் பாதிக்கு மேல் நிரம்பியதும் திணறும். சாட்டாதான் வழி என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்து டி-ரேம் உள்ள க்ரூஷியல் எம்எக்ஸ்500 அல்லது சாம்சங் 870 ஈவோ கிடைக்கிறதா பாருங்கள். போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கும்போது சாட்டா வாங்குவதில் அர்த்தமே இல்லை.

எவ்வளவு ஜிபி

240, 250 ஜிபி டிரைவை விட்டுவிடுங்கள். அதில் ஃபிளாஷ் சிப்கள் குறைவு. ஒரே சமயத்தில் எழுத வழி குறைவதால் அதே மாடலின் 500 ஜிபி-யைவிட மெதுவாக ஓடும். விண்டோஸ் 11, அதன் அப்டேட், ஆபீஸ், நான்கைந்து சாஃப்ட்வேர் போட்டாலே மூச்சு முட்டும். 500 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸில் 465 என்று காட்டும், 1 டிபி 931 என்று காட்டும்; யாரும் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு. எப்போதும் 15 முதல் 20 சதவீதம் காலியாக வையுங்கள். கேம் விளையாடும் வீட்டுக்கு 1 டிபி. மற்றவர்களுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டியும், படங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் போதும்.

ஒரே பெயர், உள்ளே வேறு சரக்கு

மலிவு வரிசைகளில் ஒரே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் சிப்களை மாற்றுவது சாதாரணம். க்ரூஷியல் பி2 டிஎல்சியாக வந்து 2021-இல் க்யூஎல்சிக்கு மாறியது. டபிள்யூடி புளூ எஸ்என்550-இல் அதே ஆண்டு ஃபிளாஷை மாற்றியதில், வாசல் நிரம்பியபின் எழுதும் வேகம் சரிந்தது. கிங்ஸ்டன் என்வி2 வாங்கினால் டிஎல்சி வருமா க்யூஎல்சி வருமா என்பது லாட்டரி. எனவே இரண்டு வருடம் முந்தைய ரிவ்யூவை நம்பி வாங்காதீர்கள். டேட்டா ஷீட்டில் டிஎல்சி என்று எழுதிக் கொடுத்திருக்கும் மாடலுக்கு முன்னுரிமை தாருங்கள்.

2025 இறுதியிலிருந்து ஃபிளாஷ் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த டிசம்பரில், க்ரூஷியல் பிராண்டின் உரிமையாளரான மைக்ரான் நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. விற்ற டிரைவ்களுக்கு வாரன்டி தொடரும் என்றும் சொன்னது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஃபிளாஷ் பிரிவு 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஆக, பழைய பட்டியல் விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். விலையை ஜிபி-யால் வகுத்து, அன்றைக்கு எது மலிவு என்று ஒப்பிடுவதே நல்லது.

கடையில்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். வாரன்டிக்குப் போகும்போது பில்தான் முதலில் கேட்பார்கள். 3 ஆண்டா 5 ஆண்டா என்பதையும், அது பிராண்டின் வாரன்டியா கடையின் வாரன்டியா என்பதையும் பிரித்துக் கேளுங்கள். பெயரே கேள்விப்படாத பிராண்டில் 2 டிபி, மற்றவற்றில் கால்வாசி விலைக்கு என்றால் அது போலி. உள்ளே ஒரு மெமரி கார்டை ஒட்டி, 2 டிபி என்று காட்டும்படி செய்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பாருங்கள். புது டிரைவ் என்றால் ஆன் ஆன நேரம் சுழியை ஒட்டியும், மொத்தம் எழுதிய அளவு சில ஜிபி-யும் இருக்கும். நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். கொள்ளளவில் சந்தேகம் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ முழு டிரைவையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும், லினக்ஸில் எஃப்3.

பொருத்துவது

மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். டிரைவை 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டில் முழுதாகச் செருக வேண்டும். தங்கநிற முனை ஒரு கோடளவுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. கையை எடுத்தால் மறுமுனை மேலே தூக்கி நிற்கும். அதை அழுத்திப் பிடித்து 2 மி.மீ. ஸ்க்ரூவைப் போட்டு, நின்றதும் விட்டுவிடுங்கள், முறுக்காதீர்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் சின்னப் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் 80 மி.மீ. துளையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போர்டோடு அழுத்தி இறுக்கினால் டிரைவ் வில்லாக வளையும். ஸ்க்ரூ போர்டின் பெட்டியில் ஒரு தனிக் கவரில் வரும். அந்தக் கவரைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேடுபவர்கள் நிறைய. போர்டோடு ஹீட்சிங்க் வந்திருந்தால் அதன் பேடிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். டிரைவின் லேபிளை மட்டும் உரிக்காதீர்கள், வாரன்டி போய்விடும். 3.0 டிரைவுக்குத் தனியாக ஹீட்சிங்க் வாங்க வேண்டியதில்லை.

2.5 அங்குல டிரைவோடு சாட்டா கேபிள் வராது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் நிறுவும்போது மற்ற எல்லா டிஸ்க்கையும் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் பூட் ஃபைல்களை அது பழைய ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும். பின்னாளில் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழுந்திருக்காது. பயாஸில் டிரைவ் தெரிந்து இன்ஸ்டாலரில் தெரியவில்லை என்றால், 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல்லில் விஎம்டி என்ற டிரைவ் நிர்வாக வசதி ஆன் ஆகியிருக்கும்; பயாஸில் அதை அணையுங்கள். இரண்டாவது டிரைவாக மாட்டியது மை கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் அது இயல்பு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய், டிஸ்க்கைப் பிரிக்கும் முறைக்கு ஜிபிடி என்று தேர்ந்து, புது வால்யூம் உருவாக்கினால் வந்துவிடும்.

தயாரிப்பாளரின் கருவியில், டிரைவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புது அப்டேட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2024-இல் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 அப்டேட்டுக்குப் பின் டபிள்யூடி எஸ்என்580, எஸ்என்770 டிரைவ்களின் 2 டிபி மாடல்களில் நீலத் திரை வந்தது. கடன் வாங்கும் ரேமின் அளவு கூடியதே காரணம்; புது ஃபர்ம்வேர்தான் தீர்த்தது.

மின்வெட்டு

திடீரென்று கரண்ட் போனால் கடைசி நொடி வேலையை முடிக்க உதவும் கெபாசிட்டர்கள் மலிவு டிரைவ்களில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் மேலே சொன்ன அட்டவணை குலையலாம், டிரைவே பயாஸில் காணாமல் போகலாம். மின்வெட்டு சகஜமான ஊரில், எஸ்எஸ்டியில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாயை யுபிஎஸ்ஸில் போடுவது மேல். சாட்டா டிரைவ் அப்படிக் காணாமல் போனால் உடனே தூக்கி எறிய வேண்டாம். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு பவர் கேபிள் மட்டும் கொடுத்து 20 நிமிடம் விடுங்கள். அணைத்து, பவரையும் 30 வினாடி பிடுங்கி வைத்து, இன்னொரு முறை அதையே செய்துவிட்டு டேட்டா கேபிளை மாட்டிப் பாருங்கள். அட்டவணையைத் தானே சரிசெய்துகொண்டு திரும்பி வரும் டிரைவ்கள் உண்டு. வந்ததும் முதல் வேலையாக ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.